எந்த மெஷின் என்று கேட்காமல் போட்ட சாப்பாடு

ஓசூரில் மதிய நேரத்தில் மாவு மில்லுக்குப் போய் வருவதற்குள் நாலு பேராவது என்னிடம் "ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டுவிடுவார்கள். சாப்பாடு ஆச்சா என்று கன்னடத்தில் கேட்பது அது. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஒருத்தியைப் பார்த்து சாப்பிட்டாயா என்று கேட்டு, அவள் இல்லை என்று சொல்லிவிட்டால், கேட்டவள் தட்டு வைத்தாக வேண்டும். கஞ்சியாவது ஊற்ற வேண்டும். இங்கே வந்த புதிதில் பக்கத்து வீட்டு கௌரம்மா அப்படிக் கேட்டாள். "இன்னும் இல்லத்தா" என்று சொல்லிவிட்டு அவள் வாசலிலேயே நின்றேன். அவள் சிரித்துத் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தத் தமிழ்க்காரி ஏன் போகாமல் நிற்கிறாள் என்று அவளும் உள்ளே இருந்து பார்த்திருப்பாள். நலம் விசாரிக்கிற பேச்சுதான் அது, என் மேல் ஒரு குறையும் வைத்துக் கேட்டதில்லை என்று விளங்கப் பல மாதம் ஆனது. விளங்கிய பிறகும் அந்தக் கேள்வி காதில் விழுந்தால் முகம் சுருங்குகிறது. சோற்றைப் பற்றி ஒருவரிடம் கேட்டால் அதற்குப் பொறுப்பு எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் கேட்கிற கேள்வி வேறு. தொழிற்பேட்டை ஓரத்தில் தகரக் கூரை போட்ட சமையல் கூடம் எனக்கு இருக்கிறது. போன வருஷம் வரை பதினான்கு பெண்கள் வேலை செய்தோம். பக்கத்து இரண்டு கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு எங்களிடமிருந்து போனது. எங்களிடமே வந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. யார் தட்டை நீட்டினாலும் முதலில் "எந்த மெஷின்?" என்று கேட்பேன். பேர், ஊர், சாதி எதுவும் கேட்டதில்லை. உலைக்களத்துக்காரர் என்றால் உப்புப் போட்ட மோர் இரண்டு செம்பு. பேக்கிங் என்றால் முழுத் தட்டு. இரும்புத் தகட்டை நறுக்குகிற பிரஸ் மெஷினில் நிற்கிறவர் என்றால் பாதித் தட்டு. குழம்பு குறைவு, பயறு அதிகம், தயிர் கிடையாது. மீதிப் பாதியைத் தனி டப்பாவில் கட்டிக் கொடுப்போம். தேநீர் இடைவேளையில் அதைத் தின்றுகொள்ள வேண்டும். கம்பெனிக்குப் போகிற டப்பாக்களிலும் அப்படியே எழுதி ஒட்டியிருக்கும். பசியோடு வருகிற புதுப் பையன்கள் முறைப்பார்கள். "இன்னா ஆயா, கஞ்சத்தனம் பண்றே" என்பார்கள். பக்கத்தில் தட்டு எடுத்துக் கொடுக்கிற என் வீட்டுக்காரர் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். அதற்குப் பிறகு டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அந்தக் கையில் இரண்டு விரல்தான் இருக்கிறது. நாங்கள் இங்கே வந்த முதல் வருஷம். இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற மனிதருக்கு அன்றைக்கு ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தேன். போதும் போதும் என்றவரைக் கையைப் பிடித்து, ஊரில் செய்கிற மாதிரி, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று போட்டேன். நாலு மணிக்கு ஆள் வந்து, பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்டது என்று சொன்னான். தூங்கிவிட்டார், அவருடைய கவனக்குறைவு என்று அந்தக் கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்துகிற தடுப்பு கழன்று கிடந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தக் கம்பெனி இன்று இல்லை. என் கோபம் இருக்கிறது. ஆனால் என் கரண்டியை நான் மறந்ததும் இல்லை. ஊரில் வயிறு நிறையப் போட்டால் அது பிரியம். வேப்ப மரத்தடியில் படுத்துத் தூங்கினால் மரம் கையை நறுக்கப் போவதில்லை. இங்கே அதே பிரியம் மூன்று விரலைக் கொண்டு போனது. இந்தத் தொழிலை நான் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். ஊரில் என் நாத்தனார் "சோத்தை விக்கிறவளா ஆயிட்டா" என்று சொல்லித் திரிந்தாள். சொல்லட்டும் என்று விட்டேன்.

போன வருஷம் இரண்டு கம்பெனிகளும் ஒரே சமயத்தில் சொல்லிவிட்டன: தகரக் கூரைக்குக் கீழே சமைத்த சாப்பாடு இனி உள்ளே வராது, கல் பதித்த தரை, புகை போக்கி, நீராவி அடுப்பு எல்லாம் இருக்க வேண்டும், ஆறு மாதம் தவணை. அதற்குப் பணம் போட ஆள் வேண்டும். அது அமையாவிட்டால் பதினான்கு அடுப்பும் அணையும். கணக்குப் படித்த என் மகள் செல்வி எங்கெங்கோ எழுதிப் போட்டு, பெங்களூரிலிருந்து மூன்று முதலீட்டாளர்கள் நேரில் வந்து பார்க்கச் சம்மதித்தார்கள். அவர்கள் முன் எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர கிரண் என்று ஒரு பையனையும் ஏற்பாடு செய்தாள். அந்தப் பேச்சுக்கு பிட்ச் என்று பேராம்.

கிரண் மடிக்கணினியைத் திறந்து முதல் படத்தைக் காட்டினான். கூன் விழுந்த கிழவி ஒருத்தி அம்மியில் அரைக்கிறாள். கீழே ஏதோ ஆங்கிலத்தில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று செல்வியைக் கேட்டேன். பாட்டியின் கைப்பக்குவம் என்றாள். நான் அம்மியைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகிறது. எங்களிடம் இருப்பது கரண்டில் ஓடுகிற கிரைண்டர், அதுவும் மூன்று.

"பாட்டிம்மா, நீங்க அழணும்னு இல்ல. கண்ணு கொஞ்சம் கலங்குனா போதும்" என்றான் கிரண். "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு ஆரம்பிங்க. நல்லா எடுபடும்."

"மூணாப்பு படிச்சிருக்கேன்" என்றேன்.

"அது சொல்ல வேணாம். அப்புறம் அங்கிள் கையை ஒரு க்ளோஸ்-அப் வெச்சுக்கலாம்."

என் வீட்டுக்காரர் அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "கையக் காட்டிக் காசு கேக்குறதுக்குக் கோயில் வாசல் போதுமே தம்பி. பெங்களூர்ல இருந்து ஆள் எதுக்கு?" என்றார். செல்வி முகம் சிவந்துபோனாள். பிரஸ்காரர் பாதித் தட்டைப் பற்றி நான் சொன்னதைக் கிரண் எழுதிக்கொள்ளவே இல்லை. அது ரொம்பச் சின்ன விஷயம் என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முப்பது வருஷம் செய்தது சின்ன விஷயம், செய்யாத அம்மி பெரிய விஷயமா?

அவர்கள் வருகிற நாளும் வந்தது. பேச்சு முடிந்து சாப்பாடு வைத்தால் போதும் என்று கிரண் சொல்லியிருந்தான். வீட்டுக்கு வந்தவர்களைப் பட்டினி போட்டுப் பேசுகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. முதலில் இலை, பிறகுதான் பேச்சு என்றேன். கோழிக் குழம்பு, பக்கத்துத் தளி ஊரிலிருந்து வந்த பீன்ஸில் பொரியல், கெட்டித் தயிர், சேமியாப் பாயசம், அதற்கு மேல் கிருஷ்ணகிரி மாம்பழம். கூடவே சமைக்கிற நூர்ஜஹான் கிருஷ்ணகிரிக்காரி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"இன்னாக்கா இது, கல்யாண வூட்டுப் பந்தியா? எந்த மெஷினுன்னு கேக்காமயே போடறியே?"

"மொதலாளிகளுக்கு என்னடி மெஷின்? சும்மா இரு" என்றேன்.

மூன்று பேரில் நரைத்த தலைக்காரர்தான் பெரியவர். போதும் என்று கையை மறித்தார். நான் விடவில்லை. இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி. இளவட்டம் ஒருவர் இரண்டு மாம்பழம் தின்றார். மூன்றாவது ஒரு பெண். அந்தம்மா மட்டும் கொஞ்சமாகக் கொறித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

செல்வி படங்களைப் போட்டுப் பேச ஆரம்பித்தாள். கூரை காய்ந்துகொண்டிருந்தது, மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்தில் பெரியவரின் தலை சாய்ந்தது. ஐந்தாவது படத்தில் மெல்லக் குறட்டை கேட்டது. இளவட்டம் வாயைப் பொத்திக் கொட்டாவி விட்டு, கண்ணை அகல விரித்துப் பிடித்து வைத்திருந்தார். என் பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்து தயார் செய்தது அது! அப்போதும் விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் கிடந்த பித்தளைக் கரண்டியை எடுத்து அண்டாவில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பெரியவர் துள்ளி எழுந்தார். கிரண் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயா, நீங்க இப்ப பிரஸ்ல நின்னிருந்தா கை போயிருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குப் போட்ட அதே கரண்டி. தெரிந்த நானே செய்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த பேச்சு ஒன்றும் நினைவில் இல்லை. பாதித் தட்டையும் மீதி டப்பாவையும் எடுத்து மேசையில் வைத்தேன். எந்த மெஷினுக்கு என்ன, ஏன் என்று சொன்னேன். "ஒங்க மேல தப்பில்ல, எம்மேலதான் தப்பு. எந்த மெஷின்னு கேக்காமப் போட்டுட்டேன்" என்றேன். என் வீட்டுக்காரரின் கையைக் காட்டவில்லை. அவர் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு தூணோரம் நின்றார்.

அந்தம்மா கை தட்டினாள். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, தெளிந்த கண்ணோடு, "அம்மா, நீங்க பேசினது பிரமாதம். கண்டிப்பா பணம் போடறோம். புது கிச்சன் கட்டித் தரோம்" என்றார். நூர்ஜஹான் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. எல்லாருக்கும் ஒரே டப்பாதான். ஆளாளுக்குக் கேட்டுக் கட்டினா பெரிசா பண்ண முடியாது. இந்தக் கதையை டப்பா மேல அச்சடிச்சுக்கலாம்."

எனக்குச் சரியாகத்தான் விளங்கியதா என்று செல்வியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்திருந்தாள். பாதித் தட்டு போட மாட்டார்களாம். பாதித் தட்டின் கதையை அட்டையில் போட்டு முழுத் தட்டாக விற்பார்களாம். இதைக் கேட்டுக்கொண்டு நிற்கவா முப்பது வருஷம் கேள்வி கேட்டேன்?

"அந்த டப்பாவைத் தின்னுட்டு ஒருத்தன் கை போனா, அட்டையில இருக்கிற கதையத் தின்னா வெரல் மொளைக்குமா?" என்றேன். "கேட்டுத்தான் கட்டுவோம். முடியாதுன்னா மாம்பழம் ஆளுக்கு ரெண்டு எடுத்துட்டுப் போங்க. அதுக்கும் எனக்கு மனசு உண்டு."

பெண்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் பிழைப்பும் சேர்ந்துதான் என் வாயில் இருந்தது. நூர்ஜஹான் மட்டும் "வுடுக்கா, போவட்டும்" என்றாள். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை இன்றைக்கும் சுமக்கிறேன்.

பணம் வரவில்லை. தவணை முடிந்ததும் ஒரு கம்பெனி நின்றுபோனது. ஏழு பெண்கள் வேறு கேன்டீன்களுக்குப் போனார்கள். பிரஸ் ஷாப் இருக்கிற கம்பெனியில் ஆட்களே மேலாளரிடம் போய் நின்று, தரையை மட்டும் போட்டால் போதும் என்று சம்மதம் வாங்கித் தந்தார்கள். தரை போட்டோம். மீதி ஏழு பேரோடு நடக்கிறது. நான் செய்தது தப்பு என்று சொல்கிறவர்கள் அந்தப் பிரஸ் முன்னால் உண்ட மயக்கத்தோடு ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து சொல்லட்டும்.

இந்தப் பங்குனியில் குலதெய்வக் கோயிலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். நாத்தனார் தலைவாழை இலை போட்டு, மலை மாதிரி சோற்றைக் குவித்துக் கறியை ஊற்றினாள். எனக்குப் பிடித்த உப்புக்கண்டம். ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். சரியாகப் பாதியில் என் கை நின்றுவிட்டது. பக்கத்து இலையில் என் வீட்டுக்காரரின் கையும் நின்றிருந்தது.

"ஓசூர்க்காரிக்கு நம்ம சோறு எறங்கல போல" என்றாள் நாத்தனார். ஓசூரில் என்னை ராம்நாட்டு அம்மா என்கிறார்கள்.

வெளியே வேப்ப மரத்தடியில் சாப்பிட்டவர்கள் வரிசையாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இங்கே எந்த மெஷினும் இல்லை, சாப்பிடு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மீதிப் பாதி இலையில் அப்படியே இருந்தது. இலையை மடிக்கவும் மனம் வரவில்லை, கையை வைக்கவும் முடியவில்லை.