பதினான்காம் அறைச் செபமாலை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். 2006, தவக்காலம். பிரெஞ்சு பேசும் நகரமொன்றின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு முதியோர் இல்லம். அங்கே துப்புரவு வேலை செய்த றோஸ்மேரி இன்றைக்கும் அந்தத் தெருவால் போவதில்லை.

பதினான்காம் அறையில் ஹெலேனா என்ற போலந்துக் கிழவி. கட்டில் தலைமாட்டில் அவளுடைய செபமாலை, கன்னங்கரேலென்று பிசுக்குப் பிடித்துத் தொங்கும். தவக்காலத்தில் செபமாலை இப்படிக் கிடக்கலாமா? றோஸ்மேரிக்குப் பொறுக்கவில்லை. கிழவி குளிக்கப் போன நேரம், வீட்டிலிருந்து கொண்டுவந்த லூர்து மாதா தீர்த்தத்தை ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் கலந்து, செபமாலையை அதில் ஊறப் போட்டாள். புண்ணியம் செய்கிற நினைப்பு அவளுக்கு.

பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாள். கோப்பைக்குள் கூழ். நடுவில் ஒரு நூல்.

பதறிப்போய் எல்லாவற்றையும் அந்த அறையின் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டாள்.

பின்னேரம் கிழவியின் மகள் வந்து செபமாலையைத் தேடினாள்.

"அது பாண், ரொட்டி. யுத்த நேரம் வதைமுகாமில் அம்மா தன் பங்குப் பாணைத் தின்னாமல், பிசைந்து உருட்டிச் செய்தது. கண்டீர்களா?"

"நான் காணேல்லை, மடாம்."

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். கிழவி தலையணையைத் தடவித் தடவித் தேடினாள். றோஸ்மேரியும் கூடவே குனிந்து கட்டிலுக்குக் கீழே தேடினாள். வெட்கங்கெட்டவள்! அவளே தன்னை அப்படித்தான் திட்டிக்கொண்டாள்.

அடுத்த புதன்கிழமை கிழவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வெள்ளிக்கிழமை, பகல் 3:10. பதினான்காம் அறை வெறுமையாய்க் கிடந்தது. றோஸ்மேரி தரை துடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டிக் குழாய்க்குள்...

டிக்.

டிக்... டிக்... மணி உருளும் சத்தம்.

புளித்த மாவின் வாசம்.

துவாரத்தில் கறுப்பாய் ஏதோ மேலே வந்தது. ஒன்று... இன்னொன்று...

வாய் திறக்கவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் ஒப்புக்கொண்டாள். தமிழில்.

சத்தம் நின்றது. மணி 3:14. தொட்டியில் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை மகள் சாமான்களை எடுக்க வந்தாள். தாய் வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாளாம், 3:14க்கு. கடைசியாக ஏதோ சொன்னாளாம். போலந்து மொழியும் இல்லை, பிரெஞ்சும் இல்லை. மகள் அந்த ஒலியை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருந்தாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நான்... தான்... கழுவி... னனான். மன்னி... யுங்கோ."

றோஸ்மேரி நெஞ்சுக்குள் சொன்ன அதே வசனம்.

"இது உங்கள் பாஷையா?" என்று மகள் கேட்டாள்.

"இல்லை, மடாம்," என்றாள் றோஸ்மேரி.