தேவகி வளைத்த மூலைகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நந்தனம் அலுவலகத்தில் கணினியைத் திறந்துகொண்டிருந்தேன். தேவகியின் கணவர் முருகேசன் கைப்பேசியில் அழைத்தார். தேவகிதான் லீவு சொல்லச் சொல்லியிருப்பார் என்று நினைத்து, "என்ன, இன்னைக்கு மட்டமா?" என்று கேலியாகவே பேச்சை எடுத்தேன். அவர், தேவகிக்கு விடியற்காலையில் மாரடைப்பு என்றும் ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார். என் கேலியை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

வீடுகளுக்குச் சமையல் மேடை, அலமாரி, படிக்கட்டு என்று கணினியில் வரைந்து கொடுப்பது தேவகியின் வேலை. அதைச் சரிபார்த்து, வேலை நடக்கும் இடத்துக்கு எடுத்துப்போவது என் வேலை. பக்கத்துப் பக்கத்து மேஜை. என்னைவிடச் சற்று இளையவர். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் மாமியாரைப் பற்றியோ மந்தைவெளி பஸ்ஸைப் பற்றியோதான் இருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு மறதி உண்டு. இரண்டு கோடுகள் சேரும் மூலையை வளைக்க ஃபில்லட் என்று ஒரு கட்டளை. எவ்வளவு வளைய வேண்டும் என்று ஓர் எண் கொடுக்க வேண்டும். பூஜ்யம் கொடுத்தால் மூலை கூராகச் சேரும். கடைசியாகக் கொடுத்த எண்ணைக் கணினி வைத்துக்கொள்ளும். மாற்ற மறந்தால் அடுத்த மூலையும் அதே அளவில் வளைந்துவிடும். இந்தத் தப்பைச் செய்யாதவர் எங்கள் கூட்டத்தில் கிடையாது.

மயிலாப்பூரில் ஒரு வீட்டு வேலையின்போது, சமையல் மேடைக்குக் கிரானைட் போடும் ஏழுமலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இன்னாம்மா இது? மூணு மூல கூரா கீது, இது மட்டும் உருண்டையா கீது. மேடம் தூங்கிக்கினே போட்டாங்களா?"

போன் செய்து கேட்டேன். பூஜ்யம் போட மறந்துவிட்டதாகத் தேவகி சொன்னார். கல்லை அறுத்தாகிவிட்டதால் அப்படியே விட்டோம். சில மாதங்கள் கழித்து அந்த வீட்டு அம்மாள் கூப்பிட்டு, பேரன் ஓடிவந்து அந்த மூலையில்தான் முட்டிக்கொண்டான், லேசான வீக்கத்தோடு போயிற்று என்று நன்றி சொன்னார். அதைத் தேவகியிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

பிறகும் வேறு வீடுகளில் இப்படி நடந்தது: ஒரு மூலை மட்டும் வளைந்திருக்கும், யாராவது அதில் முட்டித் தப்பிப்பார்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, ஜி.எஸ்.டி.யிடம்தான் பயம். ஆனாலும் உறுத்தியது. மறதி என்றால் முந்தின எண்தானே வந்து உட்கார வேண்டும்? தேவகியின் மூலைகளிலோ ஒவ்வொரு தடவையும் ஒரு புது எண். யாராவது கணினியில் தட்டினால் ஒழிய அது வராது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

"நான் போடலைக்கா. முடிச்சுட்டுப் பாக்குறேன், வளைஞ்சிருக்கு. அதைத் திருத்தக் கை வர மாட்டேங்குது" என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், அப்படி வளைந்த மூலையைப் படத்திலேயே கண்டுபிடித்து, கூராகத்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தேவகி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. மாற்றிக் கொடுத்தார். பொங்கலுக்கு முன்பு அந்த அதிகாரியின் மனைவி வழுக்கி அதே மூலையில் தலை மோதி விழுந்தார். பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு தேவகி பல நாள் வேலைக்கு வரவில்லை.

அதனால்தான், என் வீட்டுச் சமையலறையைப் புதுப்பித்தபோது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று மன்றாடினார். நான் விடவில்லை. படம் வந்தது. சமையல் மேடையில் ஹாலைப் பார்த்த மூலை வளைந்திருந்தது, இதுவரை அவர் கொடுத்ததிலேயே பெரிய வளைவாக.

"யாருக்கு, தேவகி?"

"தெரியாதுக்கா. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? அந்த மூலையை மட்டும் மாத்திடாதீங்க."

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கணவருக்குச் சர்க்கரை, அடிக்கடி தலை சுற்றும். மகளோ காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் பறப்பவள். அந்தப் பக்கம் யார் போனாலும் கத்துவேன். பூஜை அலமாரியில் இருக்கிற சாமியைவிட அந்த மூலைக்குத்தான் இந்த வீட்டில் மரியாதை என்று மகள் கிண்டல் செய்வாள். நான் மட்டும் சிரித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மந்தைவெளியில் தேவகியைக் கடைசியாகப் பார்த்தேன். எல்லோரும் அழுதார்கள், எனக்கு ஏனோ வரவில்லை. முருகேசனோடு என் கணவரும் மயானத்துக்குப் போனார். மகள் கல்லூரியில் இருந்தாள். சாவு வீட்டிலிருந்து வந்தால் எதையும் தொடுவதற்கு முன் தலைக்குக் குளிக்க வேண்டும் அல்லவா? குளித்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஈரத் தலையும் ஈரக் காலுமாகக் காப்பி போடப் போனேன்.

விழுந்தது நினைவில்லை. தரையில் கிடந்தேன். நெற்றிப்பொட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தலைக்கு மேலே அந்த மூலை. இத்தனை நாளும் யார் யாரையோ அதனிடமிருந்து விரட்டிக்கொண்டிருந்தேன். தேவகிக்காக ஊற்றிக்கொண்ட தண்ணீரில்தான் என் கால் வழுக்கியது. மதியம் வராத அழுகை அப்போது வந்தது.

மயானத்திலிருந்து திரும்பிய கணவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு கல்லின் வளைவை விரலால் ஒருமுறை தடவிவிட்டுக் குளிக்கப் போனார்.

போய் வாருங்கள், தேவகி. யாருக்கு என்று இனி நான் கேட்க மாட்டேன்.