நான்காம் கோட்டில் சொன்ன நன்றி

அடியார்களே, வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்குப் பின் என்னைப் பற்றிச் சொல்லப்படும் கதை என் காதுக்கும் வந்தது. அதில் என் கால் எலும்பு ஒரே இரவில் கூடிவிடுகிறது. வெள்ளாடை உடுத்த ஒருவர் திடலில் தோன்றி என்னை ஓடச் சொல்கிறார். இரண்டும் நடக்கவில்லை. முருகன் செய்ததைச் சொல்வதற்கு அவன் செய்யாததைச் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே மருத்துவ அறிக்கையிலும் என் பயிற்சிக் குறிப்பேட்டிலும் பார்த்து, ஓட்டம் நடந்த அன்று திடலில் இருந்தவர்களிடம் கேட்டு, உறுதி செய்துகொண்டவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

நான் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுபவள். ஜெலுத்தோங் வட்டாரத்து அடுக்குமாடியில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்குப் பிறை என்னும் ஊரில் தொழிற்சாலை வேலை. ஈராண்டுக்கு முன் என் வலது முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கியது. மறைத்தேன். மறைத்து ஓடினேன். அந்தப் பிழை என்னுடையது. எலும்பில் கீறல் என்றார் மருத்துவர். ஐந்து மாதம் ஓடக்கூடாது என்றார். இனி ஓடவே முடியாது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் என் பயிற்சியாளர், குழுவின் எல்லாப் பெண்களின் முன்னிலையிலும்.

"எலும்பு ஒடஞ்ச குதிரை லா நீ. உன் எடத்துக்கு வேற ஆள் பாத்தாச்சு."

மூன்று வாரம் வீட்டுச் சாமி விளக்கின் முன்னே நிற்கவும் மறுத்தேன். பிறகு ஒரு மாலை கோயிலுக்குப் போனேன். பணிவாக வேண்டினேன் என்று எழுதினால் அது பொய். சண்டையிட்டேன். ஓடும் காலைக் கொடுத்தவன் ஓடும் இடத்தையும் கொடு என்று கேட்டேன். அருகில் நின்ற அம்மா என் முணுமுணுப்பைக் கேட்டுவிட்டார்.

"ஒனக்கு மட்டும் கேக்காத. அந்தக் கோச்சுக்கும் சேத்துக் கேளு."

"அவருக்கா?"

"அவருக்குத்தான். புடிச்சவங்களுக்கு வேண்டிக்கிறது என்ன பெரிய காரியம் லா?"

ஐந்து மாதம் முடிந்ததும் தனியே பயிற்சி தொடங்கினேன். என் ஓட்டத்தில் முடிவுக்கோட்டை நான்கு முறை கடக்க வேண்டும். நான்காவதில் ஓட்டம் முடியும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு வேண்டுதல் வைத்தேன். முதலாவது என் காலுக்கு. இரண்டாவது அம்மாவுக்கு. மூன்றாவது பயிற்சியாளருக்கு. நான்காவது, நன்றிக்கு. மூன்றாவது மட்டும் ஒவ்வொரு நாளும் வலித்தது. ஆனாலும் விடவில்லை.

சென்ற ஆண்டு, பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை, மாநிலக் குழுவுக்கான தேர்வு. ஐந்து நிமிடத்துக்குள் ஓட வேண்டும். என் வயதுப் பிரிவில் எனக்கு அதுவே கடைசி வாய்ப்பு.

கடைசிச் சுற்றுக்கான மணியை, ஓடுபவர்கள் கோட்டை மூன்றாம் முறை கடக்கும்போது அடிக்க வேண்டும். அன்று இரண்டாம் முறையிலேயே அடித்தார்கள். எல்லாரும் பாய்ந்தார்கள். என் எண்ணிக்கைதான் பிழையோ என்று ஒரு கணம் ஐயுற்றேன். ஆனால் நான் அப்போதுதான் அம்மாவுக்காக வேண்டியிருந்தேன். பயிற்சியாளருக்காக இன்னும் வேண்டவில்லை. மற்ற எதை மறந்தாலும் அதை மறந்திருக்க மாட்டேன். அது வலிக்கும் வேண்டுதல். என் வேகத்திலேயே ஓடினேன். கடைசி ஆளானேன்.

அடுத்த முறை கோட்டை அடைந்தபோது முன்னே போனவர்கள் நின்று குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பயிற்சியாளருக்காக வேண்டினேன். அவர் கோட்டோரத்தில் நின்று கத்தினார்.

"நில்லு லா. முடிஞ்சிருச்சு. காது கேக்கலையா ஒனக்கு?"

கேட்டது. பார்வையாளர் பக்கமிருந்து எழுந்த சிரிப்பும் கேட்டது. நான் நிற்கவில்லை. நன்றி சொல்லாமல் எப்படி நிற்பது? நானூறு மீட்டர், ஓடுபாதையில் நான் ஒருத்திதான். நான்காம் கோட்டில் நன்றி சொன்னேன்.

பிறகு அதிகாரிகள் சுற்றுக் கணக்கைப் பார்த்தார்கள். மணி தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். நேரக் கண்காணிப்பாளர் ஒருவரின் கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. என் நேரம் ஐந்து நிமிடத்துக்கு நான்கு விநாடி குறைவு. மற்றவர்களை மாலையில் மறுபடி ஓடவிட்டார்கள். அதுவே நியாயம். அவர்களிலும் இருவர் தேர்வானார்கள்.

பயிற்சியாளர் என்னிடம் வந்தார்.

"நானே கணக்க வுட்டுட்டேன். நீ எப்படி லா எண்ணுன?"

"மூணாவது கோடு ஒங்களுக்கு, கோச். ஒங்களுக்கு வேண்டிக்காம எனக்குக் கடைசி ரவுண்டு வராது."

அவர் தம் தண்ணீர்ப் புட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தற்செயல் என்போர் சொல்லிக்கொள்ளட்டும். என் காலைப் பழித்த மனிதருக்காகச் செய்த வேண்டுதலே என்னை ஓட வைத்தது. அதற்கு நானே சாட்சி. இன்று மாநிலக் குழுவில் ஓடுகிறேன். எனக்காக மட்டும் கேட்கும் பழக்கம் போய்விட்டது. நீங்களும் கேளுங்கள், சண்டையிட்டும் கேளுங்கள், முருகன் பொறுத்துக்கொள்வான். உங்களைப் புண்படுத்தியவருக்கும் அதில் ஓரிடம் வையுங்கள்.

எனக்குத் தெரியாதவை இவை. மணியை முன்னதாக அடித்தவர் யார் என்று தெரியவில்லை. எலும்பு ஓய்வால் கூடியதா, அருளால் கூடியதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எல்லாரும் நின்ற பிறகும் ஏன் கடிகாரத்தை நிறுத்தவில்லை என்று அந்தக் கண்காணிப்பாளரிடம் இருமுறை கேட்டேன். தம் கட்டைவிரலைப் பார்த்தார். அது ஏன் அழுத்தவில்லை என்று தமக்கும் தெரியாது என்றார்.