முக்கால் கிலோ ரிவால்வர்

ரிவால்வர் என்பது முக்கால் கிலோ தக்காளி. இது என் வீட்டுக்காரர் சொன்ன கணக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இரும்போடு பழகுகிற மனுஷர், கண்ணாடிக்குள் இருப்பதை வெளியே நின்று பார்த்தே எடை சொல்லிவிடுவார். "முக்கால் கிலோ இருக்கும். உன் கைப்பையில முக்கால் கிலோ தக்காளியப் போட்டுக்கிட்டு ஒரு வாரம் போயிட்டு வா. அதுக்கப்புறம் பேசுவோம்" என்றார். மவுண்ட் ரோடு பக்கத்துத் துப்பாக்கிக் கடையில், கடைக்காரர் எதிரிலேயே சொன்னார். எனக்கு வந்ததே ஒரு கோபம்.

கோபம் எனக்குச் சட்டென்று வரும், அதை மறைக்கவும் வராது. நான் ஆவடிப் பக்கம் சேக்காட்டில் பிறந்து வளர்ந்தவள். என் வாய்க்குப் பயந்து எங்கள் வீட்டு வாசலில் யாரும் வண்டி நிறுத்த மாட்டார்கள். அவர் திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்து, குவார்ட்டர்ஸில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தவர், என்னைக் கட்டிக்கொண்டு சேக்காட்டுக்காரர் ஆனார். ஆனாரே தவிர, எங்கள் பேச்சு இன்றுவரை அவர் வாயில் ஏறவில்லை. நான் 'ஊட்டுக்கு வர்றியா' என்று கேட்டால் அவர் 'வீட்டுக்கு வாரேன்' என்பார். கோபம் இல்லாதபோது நானும் அவரை 'வாங்க போங்க' என்றுதான் சொல்வேன். கோபம் வந்தால் முதலில் காணாமல் போவது அந்த 'ங்க'தான்.

துப்பாக்கிக் கடைக்கு நாங்கள் ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி விடுதியில் எனக்கு மெஸ் சூப்பர்வைசர் வேலை. காலை டிபனுக்கு நான் போய் நின்றால்தான் அடுப்பு ஒழுங்காக எரியும். ஸ்கூட்டரில்தான் போவேன். ஒருநாள் பருத்திப்பட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பைக் ஒட்டி வந்தது. பின்சீட்டில் இருந்தவன் கையை நீட்டியது வரைக்கும்தான் தெரியும். அடுத்து நான் ரோட்டில் கிடந்தேன். தாலிச் செயின் போயிருந்தது. கழுத்தைச் சுற்றி ரத்தக் கோடு, முழங்காலில் தோல் இல்லை. எழுந்து கையில் கிடைத்த கல்லைத் தூக்கி எறிந்தேன். அது ரோட்டோரத்து விளம்பரப் பலகையில் பட்டது. அவர்கள் பூந்தமல்லி பக்கம் போய்விட்டார்கள். அப்போது நான் கத்திய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அந்த வழியாக வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, ஏற்றிக்கொண்டு போய் ஒரு ஆஸ்பத்திரியில் உட்காரவைத்தார். என் வீட்டுக்காரருக்கும் அவர்தான் சொல்லி அனுப்பினார். தொழிற்சாலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அவசரம் என்றால் கேட்டுக்குப் போன் போட வேண்டும், கேட்டிலிருந்து செக்ஷனுக்குச் சொல்வார்கள்.

அவர் வந்தார். வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் உள்ளே இருந்து, "இன்னா, அங்கயே குந்திக்கின? ஒரு வார்த்த கேக்க மாட்டியா?" என்று சத்தம் போடுகிறேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கென்று ஒரு சோடா வாங்கி வந்தார். இவர் அதைக் கைநீட்டி வாங்கி, முழுசாகக் குடித்து முடித்தார். இதை நான் மறக்கவில்லை. அடிபட்ட பெண்டாட்டிக்கு வாங்கிய சோடாவைக் குடித்த ஆள் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

காயம் ஆறியது. ஆனால் வண்டியை எடுக்க முடியவில்லை. பின்னால் எந்த பைக் சத்தம் கேட்டாலும் கை உதறும். தெருமுனை வரை ஓட்டிப்போய், உருட்டிக்கொண்டு திரும்பி வருவேன். அவர் ஷிப்டை மாற்றிக்கொண்டு என்னை வேலையில் கொண்டுபோய் விட்டார். முடியாத நாளில் பஸ் பிடித்து, பூந்தமல்லியில் இறங்கி மாறிப் போனேன். நான் போய்ச் சேர்வதற்குள் இட்லி ஆறியிருக்கும், பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள். இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்று எனக்கே தெரிந்தது. பார்சல் மாதிரி யாராவது கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவது எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். என் வண்டியை நானே ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும்.

விடுதி வார்டன் ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "லைசென்ஸ் எடுத்து ஒரு துப்பாக்கி வெச்சுக்கோயேன்" என்றார். அவர் சும்மாதான் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் அவர் சாப்பாட்டைப் பிசைந்தபடி, "எதுக்கு அதெல்லாம்?" என்றார்.

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் அவருடைய குலதெய்வத்தின் படம் உண்டு. சுடலை மாடன். மீசையும் அரிவாளுமாக நிற்கும். நான் அதைக் காட்டி, "உங்க சாமியே அருவாள வெச்சுகினு நிக்குது. நான் ஒரு ரிவால்வர் வெச்சா குத்தமா?" என்று கேட்டேன்.

"அது சாமி. அதுக்கு எப்ப வீசணும்னு தெரியும். உனக்குக் கோவம் வந்தா சட்டி எங்க போகும், கரண்டி எங்க போகும்னு எனக்கே தெரியாது."

"பயந்தாங்கொள்ளி."

"சரி, பயந்தாங்கொள்ளிதான். ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு உன் ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான இருந்துச்சு? எந்தக் கையால எடுத்திருப்ப?"

பதில் இல்லாதபோது எனக்குக் குரல் ஏறும். "யோவ், உனுக்கு இன்னா தெரியும்? ரோட்ல கெடந்தது நானா நீயா?" என்றேன். அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

ஆனாலும் கடைக்குக் கூட வந்தார். அது அவர் குணம். பிடிக்காத இடத்துக்கும் கூட வருவார், வந்து ஓரமாக நிற்பார். கடைக்காரர் அவரைப் பார்த்து, "சாருக்கா?" என்றார். "எனக்கு" என்றேன். லைசென்ஸ் இல்லாமல் கையில் தரமாட்டோம், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று காட்டினார். பிஸ்டல் தட்டையாக, பைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தது. ரிவால்வர் வயிறு உப்பி இருந்தது. பெண்களுக்கென்றே லேசாக ஒன்று வருகிறது, சிலர் கைப்பிடி நிறம்கூடப் பார்த்து வாங்குகிறார்கள் என்றார். புடவைக் கடையில் சொல்கிற மாதிரியே சொன்னார். நான் பிஸ்டலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் இவர் ரிவால்வரைக் காட்டித் தக்காளிக் கணக்கைச் சொன்னார்.

சும்மா விடுவேனா? மறுநாளே தக்காளியைப் பையில் போட்டேன். பூந்தமல்லி பஸ்ஸில் யாரோ முழங்கையால் இடித்ததில் பை முழுக்கச் சட்னி. அதற்குப் பிறகு உப்புப் பாக்கெட்டும் சின்னப் பருப்புப் பொட்டலமும் சேர்த்து எடையைச் சரி செய்துகொண்டேன். பை வார் சரியாகக் கழுத்துத் தழும்பின் மேல் அறுத்தது. அறுக்கட்டும் என்று சுமந்தேன். வாரம் முடிந்ததும் பையைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "இப்ப பேசு" என்றேன்.

அவர் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். பிறகு, "வாங்குறதுன்னா ரிவால்வர வாங்கு. பிஸ்டல் வேண்டாம். அது நேரங்கெட்ட நேரத்துல சிக்கிக்கிடும்" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மனு கொடுத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு ஏட்டையா ஒருவர் வந்தார். வீட்டில் யார் யார், சண்டை சச்சரவு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார். காபி கொடுத்தேன். "அன்னிக்கு இன்னாதாம்மா நடந்துச்சு?" என்றார்.

"வண்டியில போய்கினு இருந்தேன் சார். பின்னால வந்து செயின சுட்டுகினு பூட்டானுங்க."

இவர் கையிலிருந்த டம்ளர் தளும்பிக் காபி வேட்டியில் கொட்டியது. துடைக்கக்கூட இல்லை.

ஏட்டையா அவரிடம், "சார், ஒய்ஃப் பேர்ல துப்பாக்கி லைசென்ஸ். உங்களுக்கு ஆட்சேபனை எதுனா கீதா?" என்றார்.

இந்த மனுஷர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும்.

"இல்ல சார்" என்றார். "அவ வண்டியில போகணும். துப்பாக்கி இருந்தாத்தான் போவான்னா, இருக்கட்டும். அந்த ஒரு வார்த்தைய மட்டும் என் முன்னால சொல்லாம இருந்தாப் போதும்."

"இன்னா வார்த்த?"

"சுட்டுட்டாங்கன்னு."

எங்கள் ஊரில் சுட்டான் என்றால் திருடினான். பேனாவைச் சுட்டான், சைக்கிளைச் சுட்டான் என்று குழந்தைகூடச் சொல்லும். அன்றைக்கு நடந்ததை இவர் அப்போதுதான் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்குப் போன் போட்டு, 'அண்ணி செயின சுட்டுகினு பூட்டானுங்க, ஆஸ்பத்திரியில கீறாங்க' என்று சொல்லியிருக்கிறார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி வடக்கே இருந்து வந்தவர். தமிழைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டவர். அவருக்குச் சுடுவது என்றால் ஒன்றே ஒன்றுதான். செயின் காதில் விழவில்லை. செக்ஷனுக்குப் போன் போட்டு, 'உங்க ஒய்ஃபை சுட்டுட்டாங்க, ஆஸ்பத்திரி' என்று சொல்லிவிட்டார். கேட்டவர் திருநெல்வேலிக்காரர்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. ஏட்டையாவும் சிரித்துவிட்டார். இவர் சொல்லிக்கொண்டே போனார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வழியெல்லாம் எங்க பட்டிருக்கும்னுதான் நினைச்சேன். தலையிலயா, நெஞ்சிலயா. உயிரு இருக்குமான்னு. சுடலைக்கு நேந்துக்கிட்டேன். வந்து பாத்தா, நீ உக்காந்து எவனையோ வஞ்சுக்கிட்டு இருக்க. அப்படியொரு நிம்மதி. காலு மடங்கிருச்சு. கூப்பிடலாம்னா வாயில ஈரம் இல்ல. அதான் அந்தச் சோடாவ."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை பேரிடம் அந்தச் சோடாவைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, ஏட்டையா இருக்கிறார் என்றும் பார்க்காமல் அழுதேன்.

பிறகு ஏட்டையாவிடம், "சார், எனுக்குத் துப்பாக்கி வாணாம். மனுவ வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"அவசரப்படாதம்மா. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு சார்."

உண்மையாகவே யோசித்துவிட்டேன். அந்த ரிவால்வர் என் பையில் இருக்கிற நாளெல்லாம், கேட்டிலிருந்து போன் மணி அடித்தால் இவருக்கு உயிர் போய் உயிர் வரும். நான் தைரியமாகப் போவதற்கு அவர் தினம் செத்துப் பிழைக்க வேண்டுமா? ஏட்டையா தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி, "நல்லதும்மா" என்றார். அவருக்கும் ஒரு வேலை குறைந்தது.

"அப்ப வண்டி?" என்று இவர் கேட்டார். குரலில் அத்தனை கவலை.

"வண்டி எடுக்கறேன். போய்ச் சேந்ததும் கேட்டுக்குப் போன் போடறேன். போதுமா?"

மறுநாள் மஞ்சள் கயிற்றை ரவிக்கைக்குள் விட்டுப் புடவையை இழுத்துப் பின் குத்திக்கொண்டு கிளம்பினேன். பருத்திப்பட்டு தாண்டியதும் பின்னால் பைக் சத்தம் வந்தது. கை உதறியது. வாய்விட்டுத் திட்டிக்கொண்டே ஓட்டினேன், யாரை என்று தெரியவில்லை. பைக் என்னைக் கடந்து போனது. தயிர் பாக்கெட் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போகிற ஒரு ஆள், பாவம், என் வாயைப் பார்த்துப் பயந்து வேகமாகப் போனார். அதோடு உதறல் நின்றது. நான் உள்ளே நுழைந்தபோது இட்லித் தட்டு அப்போதுதான் அடுப்பில் ஏறிக்கொண்டிருந்தது.

கேட்டுக்குப் போன் போட்டேன். அதே செக்யூரிட்டிதான் எடுத்தார். தான் சொன்னதில் என்ன கோளாறு ஆனது என்று அவருக்கும் தெரிந்து, இவரைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடப்படுவாராம். "நான் நல்லபடியா வந்துட்டேன்னு சொல்லுங்க" என்றேன். "சொல்றேன் மேடம். கரெக்டா சொல்றேன்" என்றார்.

சாயங்காலம் இவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. "ஏட்டி, அவரு என்ன சொன்னாரு தெரியுமா? செக்ஷன்ல போன் அடிச்சுது. எடுத்தேன். ரொம்ப யோசிச்சு நிதானமாச் சொல்லுதாரு. 'உங்க ஒய்ஃப். இன்னிக்கு சுடலை.'"

குலதெய்வமே பெயர் சொல்லி லைனில் வந்த மாதிரி இருந்ததாம். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டே ஒரு கையால் கும்பிட்டாராம், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்களாம்.

இப்போது தினமும் காலையில் நான் போய்ச் சேர்ந்ததும் கேட்டுக்குப் போன் போகிறது. அங்கிருந்து செக்ஷனுக்கு ஒரே ஒரு வார்த்தைதான். "சுடலை." இவர் "சரி" என்று வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விடுவாராம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது நானும் அந்தப் படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நிற்கிறேன். "இன்னா நைனா," என்று கேட்பேன், "கேட்டுல டூட்டி எப்டிகீது?"