சீல் உடையவில்லை

என் கோபத்துக்குக் காரணம் ஒரு விரல் நீளப் பொருள் என்று சொன்னால் சிரிப்பார்கள். வீட்டில் சிரித்தும்விட்டார்கள். புதிதாக அசெம்பிள் செய்த கேமிங் கம்ப்யூட்டருக்கு நான் பார்த்துப் பார்த்து வாங்கிய, கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைத்தான் சொல்கிறேன். ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்கு உடம்பு சுடுகிறது.

நாற்பது தாண்டிய பெண்ணுக்குக் கேம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆயிற்று. பகல் முழுவதும் துறைமுகத்துக்கு வெளியே ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கன்டெய்னர் காகிதங்களோடு மாரடிக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குழம்பைக் கொதிக்க வைத்துவிட்டு, குதிரை ஏறி ஏதோ ஒரு தேசத்தில் சுற்றுகிறேன். என் கணவர் கப்பல்களை இழுத்து வரும் டக் படகில் வேலை செய்கிறார். அவருக்குக் கரையில் கிரிக்கெட், எனக்கு இது. பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் கேமில் ஒரு ஊரைத் திறப்பதற்குள் கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்துவிடலாம். பல நாள் உரித்தும் இருக்கிறேன்.

கிராஃபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் அடுத்தவர் சொன்னதைக் கேட்டு வாங்கினேன். எஸ்எஸ்டியை மட்டும் யாரும் சொல்லக் கூடாது என்றுவிட்டேன். சரக்கை எங்கே வைப்பது, கேட்டவுடன் எப்படி எடுப்பது என்பதுதானே என் பிழைப்பு. மூன்று மாதம் படித்தேன். இருப்பதிலேயே அதிவேகமானது வேண்டாம் என்று முதலில் கழித்தேன். எங்கள் ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத அறைக்குள் அது கக்கும் சூட்டை அடக்க முடியாது. அடுத்து, உள்ளே இருக்கும் சிப். ஒரு கட்டிலில் மூன்று பேர் படுக்கிற மாதிரி ஒரு வகை, நான்கு பேரைத் திணிக்கிற மாதிரி இன்னொரு வகை. நான்கு பேர் வகை மலிவு. ஆனால் பெரிய கோப்பை எழுதும்போது மூச்சு வாங்கும். நான் மூன்று பேர் வகைதான் வேண்டும் என்று முடிவு செய்து, அதைப் பிரித்துப் போட்டுச் சோதித்தவர்கள் எழுதியதை எல்லாம் படித்து, ஒரு மாடலின் பெயரைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் முகத்தில் வந்த சிரிப்பை இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் செய்த அடுத்த காரியம் நியாயமானது. அதையும் சொல்லிவிட வேண்டும். கடையிலேயே பிரித்து, ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி, ஓட்டிக் காட்டித் தருகிறேன் என்று பெட்டியின் மூலையில் கத்தரியை வைத்தார்.

நான் அவர் கையைப் பிடிக்காத குறை. சீலை உடைக்கக் கூடாது என்றேன்.

இதை என் தொழில் தெரியாதவர்களுக்கு விளக்க வேண்டும். கன்டெய்னரின் கதவில் ஒரு சீல் போட்டிருப்பார்கள். அதில் ஒரு எண். அந்த எண் காகிதத்தில் இருக்கும் எண்ணோடு பொருந்த வேண்டும். சீல் உடையாமல் இருக்க வேண்டும். இரண்டும் சரி என்றால் உலகமே சரி. சீல் உடைந்த கன்டெய்னர் என்றால் எங்கள் ஆபீசில் சாவு விழுந்த வீடு போல இருக்கும். இருபது வருடம் அதையே பார்த்த கண் எனக்கு. கடையில் பெட்டியின் நாலு பக்கமும் போட்டோ எடுத்தேன். சீரியல் எண்ணைப் பில்லோடு ஒத்துப் பார்த்தேன். சீல் உடையாமல் பெற்றுக்கொண்டேன் என்று பில்லின் ஓரத்தில் நானாகவே எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கடைக்காரர் அப்படி ஒரு வாடிக்கையாளரை அதற்கு முன் கண்டிருக்க மாட்டார்.

வீட்டில் மாட்டியதும் சின்னச் சின்னக் கேம்கள் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்து, பழைய டிஸ்க்கில் இருந்ததையும் கொஞ்ச நாளாக இரவல் வாங்கிய ஒரு எஸ்எஸ்டியில் சேர்த்து வைத்திருந்த பெரிய கேமையும் இதற்கு மாற்ற உட்கார்ந்தேன். அந்தப் பெரிய கேம் முதல் பாதி பறந்தது. பிறகு வேகம் சரிந்தது. சரிந்து சரிந்து, வெங்காயம் உரித்த காலத்து ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போய் நின்றது. சூடா என்று பார்த்தேன், இல்லை. மறுபடி செய்தேன், மறுபடியும் அதே இடத்தில் விழுந்தது. கடைசியில் உள்ளே என்ன சிப் இருக்கிறது என்று காட்டும் ஒரு சின்ன மென்பொருளை ஓட்டினேன். நான்கு பேர் கட்டில்.

அதே மாடல் பெயர். அதே பெட்டி. அதே படம். முதலில் வந்தவற்றில் கம்பெனிக்காரர்கள் நல்ல சிப்பைப் போட்டு, சோதிப்பவர்களுக்கு அனுப்பி, நல்ல பெயர் வாங்கி, அதற்குப் பிறகு சத்தமில்லாமல் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டிருக்கிறார்கள். பெயரை மாற்றவில்லை. ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் இதையே எழுதிப் புலம்பியிருந்தார்கள். நான் நல்ல பெயர் வந்த நாளோடு படிப்பதை நிறுத்தியிருந்தேன்.

எங்கள் கரையில் முத்துக்குளித்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமல், குவியல் குவியலாக ஏலம் விடுவார்களாம். வாங்கியவனுக்கு முத்து இருந்தாலும் இருக்கும், வெறும் நாற்றம் மட்டும் கிடைத்தாலும் கிடைக்கும். அதில் எந்த ஏமாற்றும் இல்லை. உள்ளே என்ன என்று விற்றவனுக்கும் தெரியாது. இவர்களுக்குத் தெரியும். தெரிந்தே மூடினார்கள். மூடியதன் மேல் முத்துப் படம் ஒட்டி விற்றார்கள். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று நானும் தேடிப் பார்த்தேன். அச்சில் போடக்கூடிய பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் கடைக்குப் போனேன். நான் பேசி முடிக்கிற வரை கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

“நாந்தான் அன்னைக்கே திறந்து ஓட்டிப் பாத்துத் தாரேன்னு சொன்னேம்லாம்மா,” என்றார். “இங்கனயே தெரிஞ்சிருந்தா அப்பவே வேற ஒண்ணு எடுத்துத் தந்திருப்பேன். நீங்கதான் சீல உடைக்கக் கூடாதுன்னு நின்னீங்க. சீலு உடையாமத்தான தந்தேன்.”

அவர் சொன்னது உண்மை. அதுதான் எரிச்சல். வீட்டில் என் கணவர், “ஏளா, ஓடுதுல்லா, விடேன்,” என்றார். விடுவதாவது. எனக்குப் பணம் திரும்ப வேண்டாம், வேறு எஸ்எஸ்டியும் வேண்டாம். ‘ஆமாம், உள்ளே மாற்றினோம், உங்களிடம் சொல்லவில்லை’ என்று அந்தக் கம்பெனி ஒரு வரி எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். சோதனை முடிவுகள், பில், பெட்டியின் நாலு பக்கப் போட்டோ எல்லாவற்றையும் இணைத்துக் கம்பெனிக்கு மெயில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். பெட்டி சேதமில்லாமல், சீல் உடையாமல் கிடைத்ததைத் தாங்கள் அனுப்பிய படங்களே உறுதி செய்கின்றன. உள்ளிருக்கும் பாகங்கள் முன்னறிவிப்பின்றி மாறக்கூடும். ஆகவே இதில் எங்கள் பொறுப்பு ஏதும் இல்லை. தங்கள் புரிதலுக்கு நன்றி. நான் எடுத்த போட்டோவை எடுத்து என்னையே அடித்திருந்தார்கள்.

புரிதலாம். எனக்கு என்ன புரிந்தது என்று இவர்களுக்கு யார் சொன்னது?

சும்மா விடுவதில்லை என்று மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீசில் உட்கார்ந்து, பதிலுக்கு ஒரு பதில் எழுத ஆரம்பித்தேன். காரமாக, ஆனால் சட்டம் பேசுகிற மாதிரி இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வாக்கியங்கள் எங்கள் ஆபீசில் நிறைய உண்டு, எழுதியவள் நான்தான். பழைய கடிதங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்து, நல்லதாக ஒன்று அகப்படுமா என்று தேடினேன். அகப்பட்டது.

அது உடன்குடிப் பக்கம் சின்னதாக முந்திரித் தொழில் செய்யும் ஒருவருக்கு நான் அனுப்பியது. போன வருடம் அவருக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு கன்டெய்னர் பச்சை முந்திரிக்கொட்டை வந்தது. அவர் இறக்குமதி செய்த முதல் கன்டெய்னர். கதவோரம் இருந்த மூட்டைகள் நல்லவை. உள்ளே போகப் போகப் பழைய, சுருங்கிய கொட்டை. அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு வகையையும் கொண்டுவந்து, என் மேஜை மேல் கொட்டிக் காட்டினார். நான் பையைத் தொடவில்லை. சீல் எண்ணைப் பார்த்தேன், பொருந்தியது. உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்படுகிறது என்றுதான் எங்கள் காகிதத்தில் இருக்கும், இருக்கிறது என்று இருக்காது என்று அவருக்கு விளக்கினேன். பிறகு கடிதம். கன்டெய்னர் சீல் உடையாமல் தங்களிடம் ஒப்படைக்கப்பட்டதைத் தங்கள் கையெழுத்தே உறுதி செய்கிறது. உள்ளிருக்கும் சரக்கின் தரத்துக்கு எங்கள் பொறுப்பு ஏதும் இல்லை. தங்கள் புரிதலுக்கு நன்றி.

இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். என்னுடையதில் ஆங்கிலம் கொஞ்சம் நன்றாக இருந்தது.

நான் பொய் எழுதவில்லை. கப்பல்காரன் பெட்டியைத் தூக்கி வருகிறவன். உள்ளே போட்டவன் வேறு. சட்டப்படி அது சரி. ஆனால் அவர் பையோடு வந்த அன்று பாதி மூட்டைகள் இன்னும் யார்டில்தான் இருந்தன. சரக்கைச் சோதித்துச் சான்று தரும் ஒரு சர்வேயரைக் கூப்பிட்டுப் பார்க்க வைத்து, அந்த ரிப்போர்ட்டை வைத்து, சரக்கு அனுப்பியவனிடம் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். ஒரு வரி. அது எனக்குத் தெரியும். முதல் தடவை வந்தவருக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு நாலு காகிதம் கூடும், அவ்வளவுதான் காரணம். அதற்கு மேல் யோசித்துப் பார்த்தும் வேறு காரணம் கிடைக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். யார் என்று சொன்னதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. நல்லா இருக்கீங்களா என்று கேட்டார்.

“அண்ணாச்சி, அன்னைக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்,” என்று ஆரம்பித்து, சர்வேயர், ரிப்போர்ட், எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது அதனால் பயன் இல்லை என்பதையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தேதான் சொல்லவில்லை என்றும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்; கம்பெனி மேல் இருந்த என் கோபம் முழுவதையும் நியாயம் என்று ஒருவர் ஒத்துக்கொண்ட மாதிரி இருந்திருக்கும்.

போனில் அவருக்குப் பின்னால் கொட்டை உடைக்கும் சத்தம் கேட்டது.

“விடுங்கம்மா,” என்றார். என்னைத் தேற்றுகிற குரல். “நீங்க என்ன செய்வீங்க. சீலுதான் உடையலையே.”