ஏழு பேருக்கு ஆறு துண்டு

என் அக்கா வீட்டுக்காரர் கண்ணுசாமியை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை. இதை அவரே சொல்வார், நாம் கேட்காமலே சொல்வார். சாணார்பட்டி ரோட்டில் இருக்கிற எடைமேடையில் இருபத்திரண்டு வருடமாக அவர்தான் ஆள். காலி லாரியை எடை போடும்போது கேபினுக்குள் கல்லை ஒளித்து வைத்திருப்பான் ஒருத்தன். இன்னொருத்தன் தார்ப்பாயைத் தண்ணீரில் முக்கிக்கொண்டு வந்திருப்பான். கிளீனர் சீட்டுக்கு அடியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பான். எல்லாரையும் பிடித்துவிடுவார். முதலாளிக்கு அவர் தங்கம். எங்களுக்குத்தான் பெரும்பாடு.

மேடையை விட்டு இறங்கினாலும் அந்தப் பார்வை அவரை விட்டு இறங்காது. நாகல் நகரில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் வந்தால் டீ வாங்கிக் கொடுப்பேன். "என்ன மாப்ள, இன்னைக்கு உபசாரம் பலமா இருக்கு?" என்று கண்ணைச் சுருக்குவார். வாங்கிக் கொடுக்காவிட்டால், "என்ன மாப்ள, மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க?" என்பார். டாக்டர் ஒரு மாத்திரை எழுதினால் நோயை மறைக்கிறார், மூன்று எழுதினால் மருந்துக்கடைக்காரனோடு கூட்டு. இந்த மனுசனோடு என் அக்கா நாகஜோதி இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியிருக்கிறாள். நானாக இருந்தால் இருபத்தெட்டு நாள் தாங்கியிருக்க மாட்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள், அறிவுச்செல்வி. ஊருக்குள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவளுக்கு வந்த இரண்டு சம்பந்தங்களையும் கலைத்தது அவள் அப்பாதான். முதல் மாப்பிள்ளை அடிக்கடி சிரித்தான். தப்புப் பண்ணினவன்தான் இப்படிச் சிரிப்பான் என்று எழுந்து வந்துவிட்டார். இரண்டாவது மாப்பிள்ளை வீட்டுக்குப் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "எதை மறைக்க அடிச்சான்?" என்றார். அதோடு அதுவும் போச்சு.

அந்த இரண்டும் போனதில் அறிவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. காரணம் மணிமாறன். வத்தலக்குண்டில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறான். சேவுகம்பட்டிக்காரன். மூன்று வருடத்துக்கு முன்னால் டெங்கு வந்து அந்த லேபுக்குப் போயிருக்கிறான். இவள் நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தியிருக்கிறாள். அவன் திட்டவில்லையாம். அவ்வளவுதான் கதை. அவன் அப்பா பொம்மையனுக்கும் அம்மா ராமுத்தாய்க்கும் சம்மதம். என் அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், மூன்று வருடமாக அவன் என் கடைக்கும் வந்துபோகிறவன். கண்ணுசாமிக்குத்தான் தெரியாது.

"காதல்னு சொன்னா அப்பா அதுல ஆயிரம் ஓட்டை பார்ப்பாரு மாமா. அவரை மீறி நான் போகவும் மாட்டேன், வேற ஒருத்தனைக் கட்டவும் மாட்டேன்" என்று என் கடைக்குள் வந்து அழுதாள். தாய்மாமன் நான். வேறென்ன செய்ய? பொய் சொன்னேன்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போய், "மச்சான், கடைக்கு ஒரு ஜாதகம் ஜெராக்ஸ் எடுக்க வந்துச்சு. நம்ம அறிவு நட்சத்திரத்துக்குத் தோதா இருக்கு, ஒரு காப்பி எடுத்துக்கிட்டேன்" என்று நீட்டினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டார். பொருத்தம் பார்த்தார், பொருந்தியது. ஐந்து நாள் சேவுகம்பட்டிக்கு அலைந்து டீக்கடை, ரேஷன் கடை, உரக்கடை என்று ஒரு இடம் விடாமல் விசாரித்தார். ஒருத்தரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதிலேதான் அவருக்குச் சந்தேகம் முற்றியது. "குறையே இல்லாத குடும்பம் எங்க இருக்கு மாப்ள? ஊரே சேர்ந்து மறைக்குது. நேர்ல பார்த்தே கண்டுபிடிக்கிறேன்" என்றார்.

பேசி முடிக்காத இடத்தில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பையன் வீட்டுக்குப் போனாலும் ஒரு வாய் சாப்பிட மாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு பின்வாங்கினால் அசிங்கம். கண்ணுசாமி இதில் ஒரு படி மேலே. காபி கூடக் குடிக்க மாட்டார். அதனால் இரண்டு குடும்பமும் பொதுவான இடத்தில் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டலில் அவரவர் இலையில் சாப்பிட்டால் அது கை நனைத்த கணக்கில் வராது என்று அவரே யோசனை சொன்னார்.

பைபாஸ் பக்கம் புதுசாகத் திறந்திருந்த ரெஸ்டாரண்ட்டை என் காதில் போட்டது அறிவு. ஏன் அந்த இடம் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். உள்ளே பளபளவென்று ஏசி, மரமேசை, தலைக்கு மேலே கூடை கூடையாக விளக்கு. இந்தப் பக்கம் நாங்கள் நான்கு பேர், அந்தப் பக்கம் அவர்கள் மூன்று பேர். அறிவும் மணிமாறனும் எதிரெதிரே. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல இரண்டு பேரும் தலையைக் குனிந்து கொண்டார்கள். நடிப்பு நன்றாகவே இருந்தது.

ஆர்டர் எடுக்க வந்த பெண் ஏழு சின்னத் தட்டை வைத்தாள். தட்டு என்று சொல்வதுகூடப் பாவம். காபி டம்ளர் வைக்கும் அகலம்தான். கண்ணுசாமி அதை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு சாப்பாடு, இலை போட்டு" என்றார்.

"சார், இங்க தனித்தனியா கிடையாது. எல்லாமே ஷேரிங் பிளேட்டுதான். நடுவுல வைப்போம், எல்லாரும் சேர்ந்து எடுத்துச் சாப்பிடணும்."

"ஒரே தட்டுலயா?"

"ஆமா சார். அதுதான் எங்க ஸ்பெஷல்."

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அறிவு ஏன் இந்த இடத்தைச் சொன்னாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரே பாத்திரத்தில் பொம்மையன் கையும் இவர் கையும் போனால், அப்புறம் அவரவர் இலை என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் சட்டப்படியே அது சம்மதம்.

"இந்த இடத்தைச் சொன்னது யாரு?" என்றார், காதோடு.

"தெரியல மச்சான், யாரோ நல்லா இருக்குன்னாங்களாம்" என்று மழுப்பினேன்.

"அவங்க ஏற்பாடுதான். நம்மளைக் கை நனைக்க வைக்கப் பார்க்குறாங்க. நீ ஒண்ணையும் தொடாத."

முதலில் வந்தது மட்டன் கோலா உருண்டை. ஒரு மரப்பலகையில் ஆறு உருண்டை. கண்ணுசாமி விரலை மடக்காமல் கண்ணாலேயே எண்ணினார். ஏழு பேருக்கு ஆறு. அவர் முகத்தைப் பார்த்தேன், எண்ணம் முழுவதும் அதில் எழுதியிருந்தது. முதலில் எடுக்கிறவன் அலைகிறவன். கடைசியில் எடுக்காதவன் கோபக்காரன். யார் எப்படி என்று பார்க்கத்தான் இந்த ஆறு. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

பொம்மையனும் எடுக்கவில்லை. பெண் வீட்டார் தொடாமல் தாம் எப்படித் தொடுவது என்று மரியாதைக்கு இருந்தார். இவருக்கா அது புரியும்? "பார்த்தியா, அவன் சாப்பிடல. என்னமோ இருக்கு" என்று என் காலை மிதித்தார்.

"எடுத்துக்கங்க" என்றார் பொம்மையன்.

"நீங்க எடுங்க" என்றார் இவர்.

"இல்ல, நீங்க மொதல்ல."

"பரவாயில்ல, வயசுல பெரியவங்க நீங்க."

உருண்டை ஆறிப்போனது. ராமுத்தாய் தண்ணீரைக் குடித்துக் குடித்து டம்ளரைக் காலி செய்தார். அடுத்து பன்னீர் வந்தது, காளான் வந்தது, துண்டு போட்ட பரோட்டா வந்தது. மேசை நிறையப் பதார்த்தம், தொடுகிற கை இல்லை. ஆர்டர் எடுத்த பெண் தூரத்தில் நின்று ஏதோ குறை வந்துவிட்டதோ என்று பயந்துபோய்ப் பார்த்தாள். எனக்கோ பசி காதை அடைத்தது. இந்த மனுசனோடு சம்பந்தம் பேச வந்ததற்கு லாரியில் விழுந்திருக்கலாம் என்று அக்காவிடம் சொல்ல நினைத்தேன். அக்கா முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என் அக்காவே, "சின்னஞ்சிறுசுக சாப்பிடட்டும். செத்த நேரம் கழிச்சு நாம சாப்பிடுவோம்" என்றாள். பிள்ளைகள் சாப்பிடுவது கை நனைத்த கணக்கில் வராதே, அதில் கண்ணுசாமியால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. சரி என்று தலையாட்டினார்.

அப்போதுதான் பள்ளிபாளையம் சிக்கன் வந்தது. காய்ந்த மிளகாயும் தேங்காய்ச் சில்லுமாக ஒரு மண்சட்டி நிறைய. மணிமாறன் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டான். கண்ணுசாமி அவனிடம் கேள்வியை ஆரம்பித்தார். கடை யார் பெயரில் இருக்கிறது, கூட்டு யாரும் உண்டா, இரவு எத்தனை மணிக்குக் கடையடைப்பாய். அவன் நிமிர்ந்து பார்த்து நிதானமாகப் பதில் சொன்னான். நன்றாகத்தான் சொன்னான். எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது.

ஆனால் வாய் பதில் சொல்லும்போது கை சும்மா இருக்கவில்லை. சட்டியிலிருந்து தேங்காய்ச் சில்லாகப் பொறுக்கி அறிவின் தட்டு ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தான். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. அவளும் பார்க்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். தன் தட்டில் விழுந்த காய்ந்த மிளகாயை எடுத்து அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைக் கடித்துக்கொண்டே ஆள்சம்பளம் பற்றிப் பேசினான். மூன்று வருடமாக ஒன்றாகச் சாப்பிட்டுப் பழகிய கை. அவரவர் இலையில் சாப்பிட்டிருந்தால் இந்த வினை வந்திருக்காது.

நான் அறிவின் காலை உதைக்கப் பார்த்தேன். மேசைக்கால்தான் கிடைத்தது.

கண்ணுசாமி கேள்வியை நிறுத்திவிட்டார். அந்தத் தட்டு ஓரத்தையே பார்த்தார்.

"தம்பி, எம் மகளுக்குத் தேங்காச் சில்லுன்னா பிடிக்கும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது" என்றார்.

மணிமாறன் கை சட்டிக்குள் அப்படியே நின்றது. அறிவு மென்றதை அவசரமாக விழுங்கினாள்.

"எத்தனை நாளா?"

"மூணு வருசம்ப்பா."

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் பரவாயில்லை. மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பொம்மையன் தொண்டையைச் செருமினார். ராமுத்தாய் காலி டம்ளரை எடுத்தார். என் அக்கா தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் என்னிடம் வந்து அந்தப் பார்வை நின்றது. நானும் குனிந்துகொண்டேன். எங்கள் ஆறு பேருக்கும் தெரியும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்கிட்ட சொன்னா வெட்டிப்புடுவேன்னா நெனச்ச?" என்று மகளைக் கேட்டார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

"இல்லப்பா. நீங்க அடிக்கக்கூட மாட்டீங்க" என்றாள் அறிவு. "ஆனா அன்னையிலிருந்து நான் வேலைக்குப் போறப்ப, போன் பேசுறப்ப, சிரிக்கிறப்ப எல்லாம் சந்தேகமாப் பார்ப்பீங்க. இம்புட்டு நாளும் ஊரையே பார்த்தாலும் என்னை மட்டும் நீங்க அப்படிப் பார்த்ததில்ல. அது போயிருமேன்னுதான்."

அவர் எழுந்து போய்விட்டார். பொம்மையனும் எழுந்தார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். மச்சான் வாசலுக்குப் போகவில்லை, கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். குழாயைத் திறக்கத் தெரியவில்லை. கையைக் கீழே நீட்டினால் தானாக வரும் என்று காட்டினேன். தண்ணீர் ஓடியது. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சல் எல்லாம் போய்விட்டது. பாவம், அவர் பாட்டுக்கு இருந்தார். நாங்கள்தான் கூடிச் செய்தோம்.

"மச்சான், தப்புத்தான்" என்றேன்.

"ஜாதகம் ஜெராக்ஸுக்கு வந்துச்சுன்னது?"

"பொய்தான் மச்சான்."

முகத்தைக் கழுவித் துண்டால் அழுத்தித் துடைத்தார். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"நான் சேவுகம்பட்டியில விசாரிச்சதெல்லாம் விட்டுரு. நீ அவனோட மூணு வருசமாப் பழகியிருக்க. பய நல்லவனா? நீ சொல்லு மாப்ள, நம்புறேன்."

இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு நிற்கிற என்னிடம்.

"நல்லவன் மச்சான்" என்றேன்.

வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேரே போய் உட்கார்ந்து, மகள் பக்கம் திரும்பாமல், ஈரக் கையோடு சட்டியை நடுவுக்கு இழுத்தார்.

"ஆறிப் போகுது, சாப்பிடுங்க சம்பந்தி" என்றார்.