தசமி காலையில் கழன்ற சக்கரம்

நவராத்திரியில் அஷ்டமியன்று நான் செய்யாமல் விட்டது ஒரே ஒரு வேலை. விமானச் சக்கரத்தின் நட்டுக்கு ஸ்ப்ளிட் பின் போடவில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. திருவனந்தபுரத்தில், கடலோரத்து விமானத் திடலில், பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு சின்னக் கொட்டகையில் எனக்கு மெக்கானிக் வேலை. எங்களிடம் இருந்தது ஒரே விமானம். மரச்சட்டமும் துணியும், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை, ரேடியோ கிடையாது. அஷ்டமியன்று மத்தியானம் அதன் இடது சக்கரத்துக்கு டயர் மாற்றினேன். நட்டை முறுக்கியாயிற்று. அது தானாகக் கழலாமல் இருக்க, துளையில் ஒரு பின்னைச் செருகி, கட்டிங் பிளேயரால் அதன் கால்களை மடக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குள் ஸ்பானர், சுத்தியல், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனம் தொட்டுப் பூஜையில் வைத்துவிட்டார்கள்.

பூஜையில் வைத்த ஆயுதத்தைத் தசமியன்று பூஜை எடுக்கும் வரை தொடக் கூடாது. எங்கள் நாஞ்சில் நாட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூடத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு அதில் கொள்ளைச் சந்தோஷம். பூஜை நாளில் எவன் பறக்கப் போகிறான், தசமியன்று போட்டுக்கொள்ளலாம் என்று நானும் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

தசமி காலையில் வந்து பார்த்தால் விமானம் வெளியே நிற்கிறது. மூக்கில் மாலை, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம். சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரின் மகன் எங்களிடம் படித்துக்கொண்டிருந்தான். இருபத்தொரு வயது. இனி அவன் தனியாகப் பறக்கலாம் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். புதிதாக ஒன்றைத் தொடங்க விஜயதசமியை விட்டால் வேறு நாள் ஏது என்று அவன் அப்பா முடிவு செய்துவிட்டார். அன்று திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம். அதற்குள் பையன் மேலே போய்விட வேண்டும். பூஜை எடுக்கிற பூசாரியோ ராகு காலம் கழிந்து ஒன்பதுக்குத்தான் வருவார்.

பின் எனக்கு அப்போதே ஞாபகம் வந்தது. மணி ஏழு பத்து. வாயைத் திறந்து “நிறுத்துங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டாலே அபசகுனம் என்று வளர்ந்தவன் நான். சூடம் எரிந்துகொண்டிருக்கிறது, அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் குறுக்கே விழுந்து, என் வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை என்று அத்தனை பேர் முன்னால் சொல்வதா? நைசாகக் குனிந்து நட்டைத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு சுற்றுதானே, தாங்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

“அண்ணாச்சி, எல்லாம் செரிதானே?” என்று மேலே இருந்து பையன் கேட்டான்.

“செரிதான். போயிட்டு வாங்க” என்றேன். பாவி.

திடலின் மேடுபள்ளத்தில் குதித்துக் குதித்து ஓடி, விமானம் எழும்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். ஓடுபாதையின் மீது ஏதோ ஒன்று மட்டும் தனியாக உருண்டு போய்ப் புல்லில் சாய்ந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அடுத்து வாத்தியார் பார்த்தார். அவர் கொல்லத்துக்காரர், யுத்தத்தில் பறந்தவர். முகம் வெளுத்துவிட்டது.

“அவனுக்கு இது அறியாது. ரெண்டு சக்கரமும் உண்டுன்னு நெனச்சு இறங்குவான், கவிழ்ந்துரும்” என்றார். “நீ அந்தச் சக்கரத்தை எடுத்தோண்டு நடுவில ஓடு. அவனுக்கு முதுகைக் காட்டி ஓடணும். இடது தோள்ல வை. எந்தப் பக்கம் போச்சுன்னு அவனுக்கு மனசிலாகணும்.”

ஓடினேன். விமானம் திரும்பி, இறங்குவதற்காகப் பின்னால் வந்துகொண்டிருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, சத்தம் மட்டும் பெருத்துக்கொண்டே வந்தது. அவன் என்னைப் பார்க்காவிட்டால் என் மேலேயே இறங்குவான். அப்படி இறங்கினால் நியாயம்தான் என்றுகூட நினைத்தேன். தலைக்கு மேல் இரைச்சலோடு போய், மறுபடி எழும்பி, இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் திரும்பினேன்.

இறங்கும்போது தீப்பிடிக்கக் கூடாது என்று, பெட்ரோல் குறையும் வரை மேலேயே சுற்றினான். அந்த முக்கால் மணி நேரம் போல ஒரு நேரத்தை நான் அப்புறம் பார்த்ததில்லை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வானத்தைப் பார்ப்பதுமாக நின்றார்.

“ராகு காலத்துலயா இறங்கப் போறான்?” என்று வாத்தியாரிடம் கேட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஒத்தச் சக்கரத்துல வந்துருவாம்லா?”

அவர் கை சில்லென்று இருந்தது. என் கையில் கிரீஸ். விடவும் முடியவில்லை, பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

அதுவரை அவன் ஒருமுறைகூடத் தனியாக இறங்கியதில்லை. வந்தான். வலது பக்கம் சாய்ந்தாற்போல, மிக மெதுவாக. வலது சக்கரம் தரையைத் தொட்டது. இடது இறக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினான். பிடி, பிடி, இன்னும் கொஞ்சம் பிடி என்று வாத்தியார் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வேகம் குறைந்ததும் இறக்கை தொய்ந்தது. வெறும் அச்சு மண்ணில் குத்தியது. விமானம் சர்ரென்று அரை வட்டம் சுற்றி, மூக்கைத் தரையில் இடித்துக்கொண்டு நின்றது. புரொப்பெல்லர் இரண்டாக முறிந்தது. தூசி மெல்ல அடங்கியது.

பையன் இறங்கி நடந்து வந்தான். உதட்டில் ரத்தம், வேறு ஒன்றுமில்லை. அப்பா கையை நீட்டிக்கொண்டு ஓடினார். அவரைத் தாண்டி அவன் நேராக என்னிடம் வந்தான்.

“அண்ணாச்சி, அந்த நட்டுக்குப் பின் போட்டிருந்துதா?”

“இல்ல. அஷ்டமியன்னைக்கு டயர் மாத்தினேன், பின் போடுறதுக்குள்ள ஆயுதத்தப் பூஜைல வச்சுட்டாங்க” என்றேன்.

“நான் கேட்டப்ப உங்களுக்கு அது ஞாபகம் இருந்துதா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா வந்துவிட்டார். “பூஜைல வச்ச ஆயுதத்த எடுத்து எப்படிலே பின் போடுவாரு? பாவம், ரெண்டு நாள் கழிச்சு மறந்துபோயிருக்கும். அவரு மட்டும் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடலைன்னா நீ ஏதுலே?”

பையன் அவரைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆமா தம்பி, மறந்துபோச்சு” என்றேன்.

அவன் நம்பிவிட்டான். அவ்வளவு நேரம் மேலே அடக்கி வைத்திருந்தது எல்லாம் உடைந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே நின்றேன்.